மஞ்சள் குழாயின் முன்னால் செல்லப்பன்

செல்லப்பன் அண்ணனைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் நான் முழிப்பேன். பத்தொன்பது வருடமாக அவருடைய வேனுக்கு ரோட்டெக்ஸ் என்கிற சாலை வரியும் இன்சூரன்ஸும் புதுப்பித்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். பெயர் சுகுமாறன். மலேசியாவில், கூலாயில் சின்னதாக ஒரு கடை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வெயில் காலத்தில் தாளைக் கடித்துவைக்கும் ஒரு போட்டோஸ்டாட் மெஷின். விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆள் குட்டை. குரல்தான் பெரிது. வயது அறுபத்து மூன்று. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஷர்மினி கல்யாணமாகி பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறாள். அண்ணனுக்கு இங்கே மிச்சம் இருந்தது ஒரு வெள்ளை நிசான் வேன். அதன் பக்கக் கதவை அவரைத் தவிர யாராலும் சாத்த முடியாது. முழங்காலால் கீழே ஓர் இடி, கையால் மேலே ஒரு தூக்கு, அப்போதுதான் மாட்டும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்புவார். செம்பனைத் தோட்டத்து லயத்தில் இரண்டு பேர், அடுக்குமாடி வீடுகளில் நான்கு பேர், தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளில் மூன்று பேர். ஒன்பது பெண்களையும் ஏற்றிக்கொண்டு செனாய் தொழிற்சாலையில் இறக்குவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மழை என்றால் வாசல் வரைக்கும் வண்டி போகும். ஓவர்டைம் என்றால் கேட்டுக்கு வெளியே காத்துக் கிடப்பார். யார் பிள்ளைக்காவது காய்ச்சல் என்றால் போகிற வழியில் கிளினிக்கில் நிறுத்துவார். ஆள் ஏற்றப் பெர்மிட் கிடையாது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், "அதுக்கு ஆயிரம் ஃபாரம் நெரப்பணும், யாருய்யா அலையறது" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

பெண்களை இறக்கிவிட்டு ஏழரைக்கு நேராகக் காப்பிக் கடைக்கு வருவார். சீனர் கடை. எங்களுக்கென்று மூலையில் ஒரு மேசை. நான், செல்லப்பன் அண்ணன், அப்புறம் சிவசம்பு ஐயா. ஐயா யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயதிலும் சட்டையை உள்ளே விட்டுத்தான் வருவார். பத்திரிகையை மேசையில் விரித்து, கடைக்கே கேட்கும்படி உரக்கப் படிப்பார். பெட்ரோல், டீசல் என்று எந்தச் செய்தி வந்தாலும் சரி, அன்றைக்கு எங்கள் மேசையில் சண்டைதான்.

"நம்ம கடல்ல எண்ணெய் இருக்கு. நம்ம ஆளுங்கதான் எடுக்கறாங்க. அப்புறம் என்னாத்துக்கு உலக வெலை, சந்தை வெலைன்னு கதை விடறாங்க?" என்று செல்லப்பன் அண்ணன் ஆரம்பிப்பார். "இன்னும் நாலு எடத்துல தோண்டுனா ஒரு வெள்ளிக்கே ஊத்தலாம் லா."

"தோண்டத் தோண்ட ஊறுறதுக்கு அது வீட்டுக் கிணறோ?" ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "எடுக்க எடுக்கக் குறையும், செல்லப்பன். மலிவாக் குடுத்தா சனம் இன்னும் கூட எரிக்கும். பிறகு உம்மட பேரப்பிள்ளை எதை ஊத்துறது?"

"பேரப்பிள்ளைக்கு அப்புறம் பாக்கலாம். இப்ப என் வேனுக்கு?"

"வேனை விடும். பஸ் வேணும், ரயில் வேணும். எண்ணெய் இல்லாமச் சீவிக்கப் பழகோணும். நாங்கள் எல்லாரும் அதுக்கு அடிமைப்பட்டுப் போனம்."

"காலையில அஞ்சரைக்கு எஸ்டேட் லயத்துக்கு எந்த பஸ்ஸுங்க ஐயா வருது?"

ஐயா காப்பியை ஊதிக் குடிப்பார். கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டிலிருந்து இந்தக் காப்பிக் கடைக்கே அவர் காரில் வருகிற ஆள். அதை நான் எடுத்துச் சொன்னால், "முழங்கால் நோவு" என்று பத்திரிகையைப் புரட்டிவிடுவார்.

எப்படித் திரும்பினாலும் கடைசியில் செல்லப்பன் அண்ணன் தன் துருப்புச் சீட்டை இறக்குவார். அது உண்மைக் கதை. இருபத்திரண்டு வயதில் பாசிர் கூடாங்கில், கடல் எண்ணெய் மேடைகள் கட்டும் பட்டறை ஒன்றில், காண்டிராக்டர் கீழே வெல்டராக இருந்தார். மேடை என்றால் கடலுக்கு அடியிலிருந்து எழும்பி நிற்கும் இரும்புக் கால்கள். ஒரு காலுக்குள் ஆள் நிமிர்ந்து நடக்கலாம் என்பார். அந்தக் குழாய்களுக்குள் குந்திக்கொண்டு, வேர்வையும் புகையுமாக, மூன்று வருடம் பற்றவைத்தார். முடிந்த மேடையைப் பார்ஜ் என்ற தட்டைக் கப்பலில் ஏற்றித் திரெங்கானு கடலுக்கு இழுத்துக்கொண்டு போன அன்றைக்கு, எல்லாருக்கும் கோழிச் சோறு போட்டார்களாம்.

"அந்த எண்ணெய் மேல வருதுன்னா அது நான் வெச்ச கால் மேல நின்னுதான் வருது," என்பார். "அது எங்க எண்ணெய். எனக்கு வெலை சொல்றதுக்கு இவங்க யாரு?"

"அப்ப ஏன் நீர் கடலுக்குப் போகேல்லை? அங்க சம்பளம் ரெண்டு மடங்கெல்லோ?" என்று ஐயா ஒரு தடவை கேட்டார்.

"கடல் எனக்கு ஒத்துக்கலைங்க ஐயா. தலை சுத்தும்."

அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், மெஷினால்தான். வருடத்துக்கு ஒரு தடவை அடையாளக் கார்டைக் கொடுப்பார், நான் நகல் எடுப்பேன். கறுப்பு வெள்ளை நகலில் சிவப்பும் நீலமும் ஒன்றுதான். ஆனால் கார்டு என் கைக்கு வருகிறதே. முதல் வருடமே பார்த்துவிட்டேன். சிவப்பு. குடிமகன் இல்லை, நிரந்தரவாசி. மறு வருடத்திலிருந்து கார்டை அவர் கவிழ்த்துக் கொடுத்தார். கண்ணாடியில் எப்படியும் கவிழ்த்துத்தானே வைக்க வேண்டும் என்று நானும் திருப்பிப் பார்க்காமல் வைத்தேன். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிறகு ஒரு தீபாவளிக்கு அவருடைய அண்ணன் மணியம் சிகாமட்டிலிருந்து வந்திருந்தார். முழுக் கதையையும் அவர்தான் சொன்னார். மணியம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தார். அங்கேயே பதிந்துவிட்டார்கள், அவருடையது குடிமகனுக்கான நீலக் கார்டு. செல்லப்பன் லயத்து வீட்டிலேயே பிறந்தார். அன்றைக்கு விடிகாலை, வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில், அவர்கள் அப்பா தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம், "ஐயா, பையன் பொறந்திருக்கான், செல்லப்பன்னு பேர் வெச்சிருக்கோம்" என்று சொல்லியிருக்கிறார். கிராணியும் ஆளும் அரிசியும் கணக்கு வைக்கும் செக்ரோல் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். பெரட்டில் பேர் கொடுத்தாகிவிட்டது, துரை புத்தகத்தில் ஏறிவிட்டது, இனி அரசாங்கத்துக்கே தெரிந்துவிட்டது என்று அப்பா நினைத்துவிட்டார். அரிசிக் கணக்குப் புத்தகம் ஒன்று, பிறப்புப் பதிவு வேறொன்று என்று அவருக்கு யார் சொல்வது? பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கப் போனபோதுதான் பையன் பிறந்ததற்கே அத்தாட்சி இல்லை என்று தெரிந்தது. கிராணி அதற்குள் தோட்டம் மாறிப் போயிருந்தார்.

கடலுக்குப் போகும் ஆட்களின் பெயர்ப் பட்டியலைப் பட்டறையில் வாசித்த அன்றும் இதே கதைதான். கடலுக்குப் போகிற பாஸ் நீலக் கார்டுக்குத்தான்; இவருடைய செட்டில் பதினொரு பேருக்கு வந்தது, இவருக்கு வரவில்லை. குடியுரிமைக்கு மூன்று தடவை விண்ணப்பம் போட்டார். இரண்டுக்கு மறுப்புக் கடிதம் வந்தது. மூன்றாவதற்கு இன்னும் பதில் இல்லை. காப்பிக் கடையில் அத்தனை சத்தம் போடுகிற மனுஷர் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் வேனில் ஏறுகிற பெண்களுக்கும் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர் கார்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. மலிவு விலைப் பெட்ரோல் மஞ்சள் குழாயில் வரும். வெளிநாட்டு வண்டிகள் அதைத் தொடக்கூடாது; உள்ளூர் வண்டியிடம் அப்போது யாரும் கார்டு கேட்பதில்லை. ஒரு சனிக்கிழமை சிங்கப்பூர் நம்பர் கார் ஒன்று மஞ்சள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது. செல்லப்பன் அண்ணன் வேனிலிருந்து குதித்து இறங்கி, அந்த ஆளின் முன்னால் நின்று, "இது எங்க நாட்டு எண்ணெய், எங்க மக்களுக்கு. வெச்சுட்டுப் போ" என்று சத்தம் போட்டார். அந்த ஆள் குழாயை மாட்டிவிட்டுப் போயே போய்விட்டான். வேனுக்குள் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

2025 ஜூலை மாதக் கடைசியில் அறிவிப்பு வந்தது. பெட்ரோல் லிட்டர் ஒரு வெள்ளி தொண்ணூற்றொன்பது காசாகக் குறையும். மலேசியர்களுக்கு மட்டும். நிலையத்தில் அடையாளக் கார்டைச் சொருகினால் அந்த விலை, இல்லாவிட்டால் சந்தை விலை. ஐயா இதைப் படித்ததும் அண்ணன் மேசையைத் தட்டினார்.

"பாத்தீங்களா ஐயா. ரெண்டு வெள்ளிக்குக் கீழ. மக்களுக்குன்னு சொல்லிட்டாங்க."

"மானியம் போட்டு வளர்க்கிற பழக்கம் நல்லதில்லை," என்றார் ஐயா.

அந்த வாரம் செல்லப்பன் அண்ணன் நெருக்கடியில் இருந்தார். ரூபேந்திரன் என்று ஒரு பையன் ஏர்கண்டிஷன் போட்ட புது வேனோடு அதே சாலையில் ஓட ஆரம்பித்திருந்தான். இரண்டு பெண்கள் அங்கே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். செல்லப்பன் அண்ணன் மறுநாளே வேனுக்குள் அறிவித்துவிட்டார்: பெட்ரோல் விலை இறங்குகிற மாதத்திலிருந்து ஆளுக்குப் பத்து வெள்ளி கட்டணம் குறைப்பு. ஒன்பது பேரும் அவரோடு நின்றார்கள். அதைக் காப்பிக் கடையில் என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணே, உங்கள் கார்டுக்கு இது கிடைக்காது என்று ஒரு வாக்கியம். அவருக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தெரிந்தும் ஏன் வாக்குக் கொடுத்தார் என்று பிறகு யோசித்தேன். மக்கள் என்று சொன்னால் அதில் தானும் உண்டு என்று அவர் உண்மையாகவே நம்பினார். பெரட்டில் பேர் கொடுத்த அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை. ஐயா எதிரில் இருந்தார், கடை முதலாளி தவுக்கே காப்பியைக் கொண்டுவந்து வைத்தார், நான் வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் முப்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. எல்லாருக்கும் ஆரம்பித்த நாள். அன்றைக்கு நடந்ததைக் கஸ்தூரி பிறகு என்னிடம் சொன்னாள். அவள் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, தொழிற்சாலையில் லைன் லீடர். முப்பத்தாறு வயது. கணவன் விபத்தில் போனபின் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள்.

ஒன்பது பேரும் வண்டியில் இருக்கும்போதுதான் பெட்ரோல் ஊற்றப் போனார். வேண்டுமென்றே. எல்லாரும் பார்க்க வேண்டும் என்று. கார்டைச் சொருகினார். தகுதி இல்லை என்று திரையில் வந்தது. எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி சொருகினார். மறுபடியும் அதே எழுத்து. பின்னால் நின்ற லாரி ஹார்ன் அடித்தது. உள்ளே கவுண்டருக்குப் போனார். கழிவறைச் சாவி வாங்கப் போயிருந்த கஸ்தூரி அவருக்குப் பின்னால் நின்றாள். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் கார்டைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அங்கிள், இனி ஐசி மேரா. தா போலே" என்றாள். இது சிவப்புக் கார்டு, முடியாது என்று அர்த்தம். அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள் என்று கஸ்தூரி சொன்னாள். அந்த மரியாதையில்தான் அவர் தோள் இறங்கிப் போனதாம்.

திரும்பியவர் கஸ்தூரியைப் பார்த்தார்.

"மெஷின் கெட்டுப்போச்சும்மா," என்றார்.

"ஆமாங்க அங்கிள். என் கார்டைப் போட்டுப் பாக்கறேன்," என்றாள் அவள்.

சலுகைக்குக் கார் லைசென்ஸும் வேண்டும்; அவளுக்கு அது உண்டு, கணவனின் பழைய காஞ்சில் காரை ஓட்டியவள். கார்டு உடனே வேலை செய்தது. மஞ்சள் குழாயை எடுத்து அவர் ஊற்றினார். வேனுக்குள் மலர் என்ற பெண், "அலாமாக், நம்ம அங்கிளுக்கு மெஷின்கூட பயப்படுது" என்று கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாளிலிருந்து அவர் வழியை மாற்றினார். பத்தொன்பது வருடமாக லயத்தில் ஆரம்பித்துத் தாமானில் முடிக்கிறவர், இப்போது தாமானில் கஸ்தூரியை முதலில் ஏற்றிக்கொண்டார். அவள் கார்டைப் போட்டு எண்ணெய் ஊற்றிய பிறகுதான் மற்றவர்களிடம் போவார். யாரும் பார்க்கக் கூடாது. இதனால் லயத்துப் பெண்கள் இரண்டு பேரும் கால் மணி நேரம் கூடுதலாக இருட்டில் நின்றார்கள். ஏன் அங்கிள் லேட்டு என்று கேட்டால் டயர், பேட்டரி என்று ஏதாவது சொன்னார். பத்து வெள்ளிக் குறைப்பையும் சொன்னபடி செய்தார். கஸ்தூரியின் கார்டு இருக்கிறவரை எப்படியோ ஓடிவிடும் என்று நினைத்தார்.

மூன்றாவது வாரம், காப்பிக் கடையில், ஐயா வழக்கம்போல உரக்கப் படித்தார்.

"தன்ர கார்டால மற்றவைக்கு எண்ணெய் ஊத்திக் குடுக்கிறவையாம். பிடிச்சா சலுகையை நிப்பாட்டுவினம், நடவடிக்கையும் வருமாம்." பத்திரிகையை மடித்தார். "இந்த விசயத்தில நான் உம்மட பக்கம், செல்லப்பன். எங்கட எண்ணெய் எங்கட சனத்துக்குத்தான். நீர் அண்டைக்கு அந்த சிங்கப்பூர்க்காரனை விரட்டினது சரி."

செல்லப்பன் அண்ணன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "வேலை இருக்குங்க ஐயா" என்றார். வேலை எதுவும் இல்லை. பெண்களை ஏற்றுவதற்குச் சாயங்காலம்தான் போக வேண்டும். அப்போதும் நான் பின்னால் போகவில்லை.

மறுநாள் காலை நிலையத்தில் கஸ்தூரி கார்டை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"வேணாம்மா. ஒனக்கு உதவித் தொகையெல்லாம் அந்த கார்டுலதான் வருது. ரெண்டு புள்ள இருக்கு. எதுனா ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

"யாருக்குத் தெரியப் போவுது, அங்கிள்?"

"எனக்குத் தெரியுதே."

அன்றிலிருந்து சந்தை விலைக்குத்தான் ஊற்றினார். அது இரண்டு வெள்ளி அறுபது காசு. ஊர் முழுக்கப் பெட்ரோல் மலிந்த மாதத்தில் அவருக்கு மட்டும் ஏறியது. கட்டணத்தைத் திரும்ப ஏற்றலாம். ஏன் என்று கேட்பார்களே. என்ன சொல்வது? அதனால் தன் வயிற்றில் குறைத்தார். கடையில் ரொட்டியை நிறுத்தினார், காப்பி மட்டும். மத்தியானம் வீட்டுக்குப் போனால் எண்ணெய் செலவு என்று தொழிற்சாலைக்கு வெளியே வேனுக்குள்ளேயே படுத்துக் கிடந்தார். டாங்கியை நிரப்பாமல் பத்துப் பத்து வெள்ளியாக ஊற்றினார். மீட்டர் முள் பல வருடமாகவே சரியில்லை, கணக்கு அவர் மண்டையில்தான். பசியில் மண்டைக் கணக்கு தப்பும்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, நல்ல மழை. புது வழியில் கடைசியாக லயத்துப் பெண்களை ஏற்றித் திரும்பும் தோட்டத்துச் செம்மண் சாலையில், இரண்டு பக்கமும் செம்பனை, வேன் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. எண்ணெய் இல்லை. ஒன்பது பேரும் உள்ளே. இறங்கித் தள்ளினார், தனியாக. பிறகு பெண்களும் இறங்கித் தள்ளினார்கள். தள்ளி எங்கே போவது, நிலையம் ஆறு கிலோமீட்டர். கஸ்தூரிதான் ரூபேந்திரனுக்குப் போன் செய்தாள். அவன் தன் ஆட்களை இறக்கிவிட்டு வந்து, இவர்களைக் கொண்டுபோய் விட்டான். ஒன்பது பேருக்கும் ஒரு மணி நேரத் தாமதம். அந்த மாதத்து வருகை அலவன்ஸ் எல்லாருக்கும் போயிற்று.

ரூபேந்திரன் அவருக்கும் ஒரு போத்தலில் பெட்ரோல் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பையன்தான். "அங்கிள், மஞ்சள் குழாய்தான் இப்ப மலிவாச்சே, எதுக்கு இப்படி ஓட்டறீங்க?" என்று கேட்டான். அவர் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே டாங்கிப் பக்கம் போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே ஐந்து பேர் அவன் வேனில் திரும்பினார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அலவன்ஸ் என்பது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு.

ஒரு வாரம் கழித்து மழை விட்ட மத்தியானம் என் கடைக்கு வந்தார். கூடவே கஸ்தூரி.

"தம்பி, வேனை இவங்க பேருக்கு மாத்தணும்," என்றார்.

கஸ்தூரி யோசித்து வைத்திருந்தாள். அவளே ஓட்டுவாள். வேலைக்குப் போகிறவள்தானே, போகும்போது மிச்சமிருக்கும் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போய், முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வருவாள். அவள் வண்டி, அவள் கார்டு, அவள் எண்ணெய். யாரும் கேட்க முடியாது. வேனின் விலையை மாதா மாதம் அவருக்குக் கொடுத்துவிடுவாள்.

"நீங்க முன் சீட்டுல வாங்க அங்கிள், சும்மா வாங்க," என்று அவள் என் முன்னாலேயே கெஞ்சினாள்.

"பாரம் கூடுனா எண்ணெய் கூடக் குடிக்கும்மா," என்றார். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெயர் மாற்றும் ஃபாரத்தை நிரப்பினேன். நகலுக்குக் கார்டு கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்து, வழக்கம்போலக் கவிழ்த்து நீட்டினார். என்னால் வாங்க முடியவில்லை.

"அண்ணே, எனக்கு மொதல்லயே தெரியும். அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்."

"தெரியும் தம்பி, ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றார். "நீ திருப்பிப் பாக்காமதான் வெப்பே. அதனாலதான் ஒன் கடைக்கே வந்தேன். கோச்சுக்காத. போட்டோஸ்டாட் எடு."

எடுத்தேன். மெஷின் அன்றைக்குப் பார்த்துத் தாளைக் கடித்துக்கொண்டது. மூடியைத் திறந்து இழுத்தேன், தாள் கிழிந்து பாதிதான் வந்தது. கிழிந்த பாதியை அவர் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து வேனின் கதவை எப்படிச் சாத்துவது என்று கஸ்தூரிக்குச் சொல்லிக் கொடுத்தார். கீழே இடி, மேலே தூக்கு. நான்காவது தடவைதான் அவளுக்கு வந்தது. அவள் ஓட்டிக்கொண்டு போன திசையைப் பார்த்தபடி சாலையோரத்திலேயே நின்றார்.

அப்புறம் இரண்டு வாரம் காப்பிக் கடைப் பக்கமே வரவில்லை. ஐயா தினமும் கேட்டார், எங்கே ஆள் என்று. எனக்குத் தெரியாது என்றேன். பொய் சொல்வதில் எனக்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை வந்தார். நடந்து வந்தார். அவர் வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். இளைத்திருந்தார்.

ஐயாவுக்கு அவரைக் கண்டதில் அப்படி ஒரு மகிழ்ச்சி. பத்திரிகையை அவர் பக்கம் தள்ளினார். "வாரும், வாரும். உம்மட கட்சி வெண்டிட்டுது. கடல்ல இன்னும் தோண்டோணும் எண்டு எழுதியிருக்கினம். இப்ப சந்தோசமோ?"

"தோண்டட்டுங்க ஐயா."

"என்ன, சண்டைக்கு வரேல்லையோ? எங்க உம்மட வேன்?"

"குடுத்துட்டேன். நீங்க சொன்ன மாதிரிதான் ஆச்சுங்க ஐயா. எண்ணெய் இல்லாம இருக்கப் பழகிட்டேன்." கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குக் கேலி செய்யவும் தெம்பு இல்லை. "எனக்கு இனிமே எண்ணெய் வேணாம். வெலை ஏறினா என்னா, எறங்குனா என்னா."

"நான் உமக்கு அதைச் சொல்லேல்லை, செல்லப்பன்," என்றார் ஐயா. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

செல்லப்பன் அண்ணன் சட்டைப் பையில் கை விட்டார். கார்டை எடுத்து, இந்தத் தடவை நிமிர்த்தி, பத்திரிகையின் மேல் வைத்தார். விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் அது அழுத்திக்கொண்டு கிடந்தது. சிவப்பு.

ஐயா கண்ணாடியைச் சரிசெய்து குனிந்தார். எதையும் கடைக்கே கேட்கும்படி படிக்கிற மனுஷர், அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. கார்டைத் தொட விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். 'எங்கட எண்ணெய் எங்கட சனத்துக்கு' என்று தான் சொன்னது அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும். முகம் அப்படிப் போயிற்று.

"அந்த மேடை," என்றார் கடைசியில். "நீர் வெல்டிங் செய்தது. அது இன்னும் கடலுக்க நிக்குதோ?"

"நிக்கும்ங்க ஐயா. நான் வெச்ச வெல்டிங் விடாது."

காப்பிக்குச் சில்லறையை எண்ணி மேசையில் வைத்தார். கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் போய்விடுகிறேன் என்று சொல்லி நடக்க ஆரம்பித்தார்.